வீட்டுக் கணினி: வாசல் அகலம், கொல்லைச் சந்து குறுகல்

இந்த ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. ஆபீஸ் மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். குரல் வெட்டி வெட்டி வருகிறது என்று அந்தப் பக்கம் மூன்றாவது தடவையாகச் சொல்கிறார்கள். அப்போது கைபேசியில் அம்மா. மயிலாடுதுறையில் இரவு எட்டு மணி. அந்த நேரத்தில் அம்மா கூப்பிட்டால் எடுக்காமல் விடுகிற தைரியம் எனக்குப் போன வருஷத்தோடு போய்விட்டது. மைக்கை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"டேய், அப்பா நின்னுட்டாருடா."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அப்பா போய்ப் பதினோரு மாதம் ஆகப்போகிறது.

"டிவிலடா. வாயத் தொறந்தபடியே நிக்கிறாரு. நடுவுல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?"

அம்மா எதையும் தப்பாக அமுக்கவில்லை. தப்பு நியூஜெர்சியில், என் வீட்டு பேஸ்மென்டில் இருந்தது. மீட்டிங்கில் என் குரல் வெட்டியதற்கும் அங்கே அப்பா நின்றதற்கும் காரணம் ஒன்றுதான் என்பது பிறகுதான் உறைத்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2004-ல் திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. வீடியோ எடுத்த பையன் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு ஒரு சிடி கொடுத்தான். அப்பா விடவில்லை. "காசு குடுத்தது நாம, டேப்பு நம்மகிட்ட இருக்கணும்" என்று நான்கு கேசட்டையும் வாங்கி ஒரு மிக்சர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். 2019-ல் ஊருக்குப் போனபோது அந்த டப்பாவை என் கையில் கொடுத்தார். மிக்சர் என்று நினைத்துத் திறந்தேன். பழைய கேமரா ஒன்றைத் தேடி வாங்கி, ஃபயர்வயர் துளை உள்ள பழைய லேப்டாப் ஒன்றைப் பிடித்து, நான்கையும் கணினியில் ஏற்றி, வீட்டு சர்வரில் போட்டு வைத்தேன். அப்பா தொடர்ந்து நாலு நிமிஷம் பேசுகிற ஒரே பதிவு அதில்தான் இருக்கிறது. பந்திக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்கிறார்.

ஆவணியில் வருஷத் திதி. சொந்தக்காரர்கள் வருவார்கள், எல்லாருக்கும் அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதற்குத்தான் ஒத்திகை பார்த்திருக்கிறார். இந்த வருஷம் நான் ஊருக்குப் போக முடியாத நிலை. காரணம் இந்தப் பத்திக்கு வேண்டாம். ஆக, என்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் அந்த வீடியோவை நிற்காமல் ஓட வைப்பது. கையில் சுமார் நான்கு வாரம் இருந்தது.

வீட்டு மீடியா சர்வர் என்றால் என்ன என்று கேட்டு இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். பெரிய சமாசாரம் இல்லை. பேஸ்மென்டில் ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருள். எம்பி என்ற மென்பொருளிலிருந்து 2018-ல் பிரிந்து வந்தது இது. ப்ளெக்ஸ் என்று இன்னொன்றும் உண்டு. அதில் வீட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பதற்கு 2025 ஏப்ரல் முதல் சந்தா வேண்டியிருக்கிறது. நம் படங்களையும் வீடியோக்களையும் அடுக்கி வைத்து, டிவியிலோ கைபேசியிலோ கேட்டால் அனுப்பி வைக்கும். நமக்கே நமக்கென்று ஒரு ஓடிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். (இதில் கடையில் வாங்கிய சினிமாவைப் போட்டு ஊருக்கெல்லாம் விநியோகம் பண்ணுவது சட்டப்படி வேறு கதை. நான் பேசுவது நம் வீட்டு வீடியோக்களை.)

இனி, கோளாறு எங்கே என்று பார்ப்போம்.

என் இன்டர்நெட் பில்லில் கொட்டை எழுத்தில் 300 என்று போட்டிருக்கிறது. அது உள்ளே வருகிற வேகம், நொடிக்கு 300 மெகாபிட். வெளியே போகிற வேகம்? பில்லில் தேடினேன், இல்லை. கம்பெனியின் இணையதளத்தில் நாலாவது பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: 10. முன்வாசலில் லாரி நுழையும், கொல்லைச் சந்தில் சைக்கிளைச் சாய்த்துத்தான் எடுத்துப்போக வேண்டும். நாம் படம் பார்க்கும்போது வாசல் வழியாக வருகிறது. நம் வீட்டிலிருந்து அம்மாவுக்குப் படம் போகும்போது கொல்லைச் சந்து வழியாகப் போகிறது. பத்து வருஷமாக இங்கே குடியிருந்தும் அந்தச் சந்தை நான் ஒரு தடவைகூட அளந்து பார்த்ததில்லை. நீங்களும் இன்று ஒரு ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள், இரண்டாவது எண்ணைப் பாருங்கள்.

ஏன் இப்படி ஒருபக்கமாக வைத்தார்கள்? பேராசை என்று முதலில் திட்டினேன். பிறகு படித்துப் பார்த்தால் காரணம் பழையது. அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்கு வருகிற கேபிள், டிவி நிகழ்ச்சியை வீட்டுக்குள் தள்ளுவதற்காகப் போடப்பட்டது. வீட்டிலிருந்து எதுவும் திரும்பிப் போக வேண்டிய தேவையே அப்போது இல்லை. 1997-ல் டாக்சிஸ் என்ற தரத்தின் மூலம் அதே கேபிளில் இன்டர்நெட்டை ஓட்டத் தொடங்கியபோது, சேனல்களுக்குக் கீழே மிச்சமிருந்த 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான துண்டை மேலே போகிற வழியாக ஒதுக்கினார்கள். கீழே வருகிற வழிக்கு 54-இல் தொடங்கி ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் வரை இடம். அந்தச் சின்னத் துண்டையும் தெருவில் உள்ள எல்லா வீடுகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். போதாததற்கு மோட்டார், பழைய வயரிங் என்று எல்லா இரைச்சலும் அந்தக் கீழ் அலைவரிசையில்தான் வந்து விழும். இப்போது சில ஊர்களில் 85 வரையும் 204 வரையும் விரித்துவருகிறார்கள். எங்கள் தெருவுக்கு அது இன்னும் வரவில்லை.

மற்ற நாட்டு வாசகர்களுக்கும் இது பொருந்தும். பிரிட்டனில் தெருமுனைப் பெட்டி வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பி என்று வரும் இணைப்பில் கூடியபட்சமே 80-க்கு 20தான். ஆஸ்திரேலியாவில் 50-க்கு 20 என்ற திட்டம் பல வீடுகளில் இருக்கிறது. பழைய ஏடிஎஸ்எல்லின் முதல் எழுத்துக்கே 'சமமில்லாத' என்றுதான் அர்த்தம். வீட்டுக்குள்ளேயே ஃபைபர் வந்து, இரண்டு பக்கமும் ஒரே வேகம் வைத்திருக்கும் புண்ணியவான்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம். உங்கள் பேரில் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

சரி, 10 மெகாபிட் இருக்கிறதே, ஒரு பழைய கல்யாண வீடியோவுக்கு அது போதாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். படம் மங்கல், 720-க்கு 576 புள்ளிதான், இன்றைய கைபேசி வீடியோவோடு வைத்தால் பொம்மைக் கொலுவில் மூலையில் நிற்கிற பொம்மை மாதிரி. ஆனால் கோப்பின் கனத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேர கேசட் 13 ஜிகாபைட். நொடிக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 29 மெகாபிட். 4கே படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்கிற வேகமே 15தான். இருபது வருஷத்துக்கு முந்தைய மங்கல் வீடியோ அதைப்போல் இரண்டு மடங்கு கனம்!

காரணம் இதுதான். 1995-ல் வந்த அந்த மினி கேசட் கேமராக்கள் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனிப் புகைப்படமாகச் சுருக்கி வைக்கும். நொடிக்கு 25 முழுப் படம். பின்னால் நிற்கிற கல்தூண் இரண்டு மணி நேரமும் அசையாமல் நின்றாலும், நொடிக்கு 25 தடவை அந்தத் தூணைப் புதிதாக எழுதும். எடிட் செய்பவருக்கு வசதி, அனுப்புகிறவருக்குத் தலைவலி. 2003-ல் வந்த ஹெச்.264 போன்ற முறைகள் அப்படியில்லை. தூணை ஒரு தடவை எழுதிவிட்டு, பிறகு எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொண்டு போகும்.

29 மெகாபிட் தண்ணீரை 10 மெகாபிட் குழாயில் தள்ளினால் நிற்காமல் என்ன செய்யும்? இங்கே என் முட்டாள்தனமும் உண்டு. ஜெல்லிஃபின் வேண்டுமானால் வீடியோவைப் போகிற போக்கிலேயே சுருக்கி அனுப்பும். அதற்கு டிரான்ஸ்கோடிங் என்று பெயர். ஆனால் போன தடவை ஊருக்குப் போனபோது அம்மாவின் டிவிப் பெட்டியில் தரத்தை 'அதிகபட்சம்' என்று நான்தான் பெருமையாக வைத்துவிட்டு வந்திருந்தேன். அம்மாவுக்கு நல்லதாகத்தான் கொடுக்க வேண்டும் இல்லையா. பேஸ்மென்டில் உள்ள பெட்டியும் அந்தச் சொல்லைக் காப்பாற்ற 29 மெகாபிட்டையும் தள்ளப் பார்த்தது.

முதல் வைத்தியம் சுலபம். ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கத்தில் பிளேபேக், அதற்குள் ஸ்ட்ரீமிங் என்று போனால், இணையம் வழியாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேக வரம்பு போட இடம் இருக்கிறது. அங்கே 4 என்று போட்டேன். வீட்டுக்குள் பார்ப்பவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. வெளியிலிருந்து யார் கேட்டாலும் சர்வர் 4 மெகாபிட்டுக்குச் சுருக்கித்தான் கொடுக்கும். பத்தில் ஏன் எட்டோ ஒன்பதோ போடவில்லை? ஒரே நேரத்தில் டாலஸில் இருக்கும் என் சித்தப்பா மகளும் பார்த்தால் இரண்டு நாலு எட்டாகிவிடும். மீதி இரண்டில்தான் என் மீட்டிங், மகளின் வீட்டுப்பாடம், வாசல் கேமரா எல்லாம் ஓட வேண்டும். ஒரு நேரத்தில் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று எண்ணி, அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் இரவு எட்டுக்கு அம்மா போட்டுப் பார்த்தார். அப்பா ஓடினார். ஆனால் இங்கே என் குரல் இன்னும் வெட்டியது. பத்தில் நாலுதானே போகிறது, ஏன்?

இது கொஞ்சம் நுட்பமான இடம், எனக்கே இரண்டு நாள் பிடித்தது. நாலு மெகாபிட் என்பது சராசரி. சர்வர் படத்தைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் முடிந்த வேகத்தில் ஒரே தள்ளாகத் தள்ளும், பிறகு சும்மா இருக்கும், மறுபடி தள்ளும். தள்ளுகிற அந்த இரண்டு மூன்று நொடிக்குச் சந்து முழுவதும் அடைபட்டுவிடும். மோடமோ எதையும் வேண்டாம் என்று சொல்லாமல் வரிசையில் நிறுத்தி வைக்கும். ரேஷன் கடையில் முன்னால் ஒருத்தர் முப்பது மூட்டையோடு நிற்கிறார், பின்னால் ஒரு பாட்டி ஒரே ஒரு பாமாயில் பாக்கெட்டுக்காக நிற்கிறார். பாட்டியின் வேலை அரை நிமிஷம்தான். ஆனால் முப்பது மூட்டையும் எடை போட்டு முடிகிற வரை நிற்க வேண்டும். மீட்டிங் குரல் அந்தப் பாட்டி. பிங் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 18 மில்லிநொடி, அம்மா வீடியோ பார்க்கும்போது 600, 700 என்று ஏறியது. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மருந்து ரூட்டரில் இருக்கிறது. எஸ்க்யூஎம் என்றோ ஸ்மார்ட் க்யூ என்றோ ஒரு வசதி பல ரூட்டர்களில் உண்டு. ஓபன்டபிள்யூஆர்டி போட்ட ரூட்டரில் கேக் என்ற முறையும் கிடைக்கும். அது கடைக்காரரைக் கொஞ்சம் புத்திசாலியாக்கிவிடும். மூட்டைக்காரருக்கு ஒரு மூட்டை, பாட்டிக்கு ஒரு பாக்கெட், மறுபடி மூட்டைக்காரர். ஆனால் ஒரு நிபந்தனை: மேலே போகிற வேகத்தை உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்ல வேண்டும். பத்து இருந்தால் ஒன்பது. அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல், நம் கட்டுப்பாட்டில் உள்ள ரூட்டரில் சேரும். ஒரு மெகாபிட்டை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லைதான். கொடுத்த பிறகு பிங் 30-ஐத் தாண்டவில்லை. இந்தப் பத்தியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். சர்வரே இல்லாத வீட்டுக்கும் உதவும்.

மூன்றாவது, முன்கூட்டியே சமைத்து வைப்பது. கேட்கிற நேரத்தில் சுருக்கச் சொன்னால் பெட்டி அவசரமாகச் சுருக்கும், ருசி குறையும். இரவில் மெதுவாகச் சுருக்கி வைத்தால் அதே கனத்தில் படம் நன்றாக இருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நான்கு கேசட்டையும் போட்டு, ஹெச்.264, நொடிக்கு 3 மெகாபிட், இரண்டு சுற்று என்று கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். 52 ஜிபி, ஐந்தரை ஜிபியாக வந்தது. பேராசைப்பட்டு ஒன்றரை மெகாபிட்டிலும் ஒரு தடவை முயன்றேன். அப்பா பேசுகிற இடமெல்லாம் சரியாகவே இருந்தது. அவரும் தூணும் அசையவில்லை, மைக் பிடித்த கை மட்டும் ஆடுகிறது. ஆனால் கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றுகிற இடம் வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. தண்ணீர், ஹோமப் புகை, தூவுகிற பூ: இவை மூன்றும் சுருக்கும் முறைகளுக்கு எமன். ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாமே புதிது, முந்தையதிலிருந்து கடன் வாங்க ஒன்றும் இல்லை. நம் வீட்டுக் கல்யாண வீடியோவில் முக்கியமான இடமெல்லாம் இந்த மூன்றுதான்! அதனால் நம்மவர்களுக்கு 3-க்குக் கீழே வேண்டாம் என்பது என் சிபாரிசு.

இன்னும் இரண்டு விஷயம் இங்கே கவனிக்க வேண்டும். அந்தக் காலக் கேமரா ஒரு ஃபிரேமை ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டாகப் பிரித்துப் பதியும். அப்படியே சுருக்கினால் கை ஆட்டும்போதெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரியும். ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போய்விடும். இன்னொன்று, அந்தப் படம் நாலுக்கு மூன்று. டிவி முழுவதும் நிறைய வேண்டும் என்று இழுக்காதீர்கள். நான் முதலில் இழுத்துத்தான் அனுப்பினேன். "என்னடா, அப்பா இவ்ளோ குண்டாவா இருந்தாரு?" என்று அம்மா சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்.

நான்காவது சிக்கல் தூரம். அதே கோப்பு டாலஸில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மயிலாடுதுறையில் மட்டும் எப்போதாவது வட்டம் சுற்றியது. அம்மா வீட்டு இணைப்பு நொடிக்கு 40 மெகாபிட் இறக்கக்கூடியது. கோளாறு அங்கே இல்லை. இங்கிருந்து அங்கே போய்த் திரும்ப ஒரு தகவலுக்கு 230 மில்லிநொடி ஆகிறது. அனுப்புகிற கணினி கொஞ்சம் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வரும் தூரம் கூடக் கூடக் காத்திருப்பும் கூடும். நடுவில் ஒரு துண்டு தொலைந்தால், வழி நெரிசல் போலிருக்கிறது என்று பயந்து வேகத்தைச் சட்டென்று குறைத்துவிடும். மறுபடி ஏற நேரம் பிடிக்கும். லினக்ஸில் பிபிஆர் என்று ஒரு முறை 2016 முதல் இருக்கிறது, கூகுள் பொறியாளர்கள் எழுதியது. துண்டு தொலைவதை மட்டும் பார்த்துப் பயப்படாமல், வழி உண்மையில் எவ்வளவு தாங்கும் என்று அளந்து அனுப்பும். இரண்டு வரி மாற்றம்தான். நாலரையைத் தாண்டாமல் தடுமாறிய வேகம் எட்டு வரை போனது. இது சர்வர் லினக்ஸில் இருந்தால் மட்டும். விண்டோஸ்காரர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

வெளியிலிருந்து சர்வரை எப்படி எட்டுவது என்பது தனிக் கதை. சுருக்கமாக: ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டு உலகத்துக்கே கதவைக் காட்டாதீர்கள். வயர்கார்டோ டெயில்ஸ்கேலோ போட்டு, உங்கள் குடும்பத்துக் கருவிகள் மட்டும் உள்ளே வரும்படி வையுங்கள். உங்களுக்கென்று தனி ஐபி எண் கொடுக்காத கம்பெனிகளின் இணைப்பிலும் டெயில்ஸ்கேல் வேலை செய்யும்.

இப்படி மூன்று வாரம் சர்வரோடு மல்லுக்கட்டி, வரம்பு போட்டு, வரிசை ஒழுங்கு பண்ணி, சுருக்கி, அளந்து, ஒருநாள் ராத்திரி சென்னையில் இருக்கும் தம்பியிடம் போனில் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அண்ணே, ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு என்ன காட்டப்போறோம்னு தெரியும்ல? அத எனக்கு இப்பவே அனுப்பிட்டா, நான் பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போயிட மாட்டேனா?" என்றான்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஐந்தரை ஜிபி, எட்டு மெகாபிட் வேகத்தில் ஒன்றரை மணி நேரம். அன்று இரவே போய்ச் சேர்ந்துவிட்டது. சுருக்காத 52 ஜிபியாக இருந்திருந்தாலும் பதினான்கரை மணி நேரம்தான். இரவு தொடங்கினால் மறுநாள் மத்தியானம் முடிந்திருக்கும். பார்க்கிற நேரத்தில் அனுப்புவதற்குத்தான் வேகம் வேண்டும். முன்கூட்டியே அனுப்பப் பொறுமை போதும். இட்லிக்கு முதல்நாளே அரிசி ஊறப்போடுகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இதைத் தம்பி சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. அம்மா இன்றைக்கு எதைப் பார்ப்பார் என்று தெரியாது, அதற்கு ஸ்ட்ரீமிங். இன்ன தேதியில் இன்னது என்று தெரிந்தால், தயவுசெய்து முன்பே இறக்கி வைத்துவிடுங்கள்.

பென்டிரைவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய டிவிகள் பல ஃபேட்32 என்ற அமைப்பில் உள்ள பென்டிரைவைத்தான் படிக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. எங்கள் கேசட் ஒவ்வொன்றும் 1.4 ஜிபி என்பதால் தப்பித்தோம். ஹெச்.265-இல் சுருக்கினால் இன்னும் பாதியாகுமே என்று சிலர் சொல்வார்கள். ஆகும். ஆனால் ஊரில் உள்ள பழைய டிவி அதைப் பார்த்து முழிக்கும். அவசர நாளில் ஹெச்.264தான் ஆபத்பாந்தவன். தம்பி இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சொருகிப் பார்த்தும்விட்டான்.

திதியன்று எல்லாம் முடிந்து, சாப்பாடும் ஆகி, மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்டார்கள். இங்கே விடிகாலை நாலரை. தம்பி வீடியோ காலில் கைபேசியை டிவிக்கு நேராகப் பிடித்தான். என் பேஸ்மென்டிலிருந்து போன அப்பா, அங்கே டிவியில் பேசி, தம்பி போன் வழியாக எனக்கே திரும்பி வந்தார். அந்தப் படம் படுமோசம், முகமே தெரியவில்லை. குரல் வந்தது. ஹாலில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் வந்தது. நாலு நிமிஷமும் நிற்காமல் பேசி முடித்தார்.

ஒரு வாரம் கழித்து அம்மா கூப்பிட்டார். தினமும் பார்க்கிறாராம்.

"சமையக்காரருக்கு நன்றி சொல்றாரு. நாயனக்காரருக்கு நன்றி சொல்றாரு. பஸ் ஓட்டிட்டு வந்த டிரைவருக்குக்கூட நன்றி. கல்யாணமே என்னோடதான்டா, என் பேரு வரவே இல்ல" என்று சிரித்தார். பிறகு, "ஆமா, கடைசில பந்தி முடிஞ்சப்புறம் ஒண்ணு வருமே, அத எங்க காணும்?"

"எதும்மா?"

"அந்தப் பையன் கேமராவ டேபிள் மேல வெச்சுட்டு சாப்பிடப் போயிட்டான். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்பா அன்னிக்கே அவன் கேமராவ டிவில சொருகி முழுசா போடச் சொல்லிப் பாத்தாரு. அதுல இருந்துச்சேடா."

நான்காவது கேசட்டின் கடைசி ஆறு நிமிஷத்தைச் சுருக்கும்போது நான்தான் வெட்டியிருந்தேன். பாதி தரை, பாதி நாற்காலிக் கால், நடமாடுகிற பாதங்கள். எதற்கு வீணாகப் பிட்டை அனுப்ப வேண்டும் என்று. நல்ல வேளை, மூலக் கோப்பை அழிக்கவில்லை. 52 ஜிபி எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று ஒரு நாள் கை அரித்ததும் உண்மை. நீங்கள் அழிக்காதீர்கள்.

பேஸ்மென்டுக்கு இறங்கிப் போய், ஹெட்போன் மாட்டி அந்த ஆறு நிமிஷத்தைக் கேட்டேன். எச்சில் இலை எடுக்கிற சத்தம், பாத்திரம் உருட்டுகிற சத்தம், யாரோ வெற்றிலை கேட்கிறார்கள். மூன்றாவது நிமிஷத்தில் பட்டு வேட்டிக் கரை ஒன்று வந்து நிற்கிறது. பக்கத்தில் அரக்குப் புடவை.

"நீ சாப்பிட்டியா?" என்கிறார் அப்பா.

"எங்க? எல்லாரும் போவட்டும்."

"வா, ரெண்டு பேரும் உக்காருவம்."

அந்த ஆறு நிமிஷத்தையும் எதுவும் வெட்டாமல் சுருக்கினேன். 140 மெகாபைட். அனுப்ப இரண்டு நிமிஷம் சொச்சம் ஆனது.